படுவான்கரைக் குளத்தில் ஒரு தாராக் குடும்பம்

ஜனவரி 9, வியாழன்

காலை ஐந்தேகாலுக்கு பஸ் மட்டக்களப்பில் இறக்கிவிட்டபோது மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. என் குடை கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதிரே திறந்திருந்த ஒரே கடைக்குள் ஓடினேன். கடைக்காரர் என் கோலத்தைப் பார்த்தார். நான் எதுவும் கேட்கவில்லை, ஒரு பழைய சாரத்துண்டை எடுத்து நீட்டினார். "முதல்ல தலையத் துடைங்க தம்பி, தடிமன் பிடிச்சிரும்." பிளேன்ரீ 50 ரூபாய். இஞ்சி போட்டதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சேர்த்து 200. வெள்ளவத்தையில் இந்தக் காசுக்குச் சம்பல் மட்டும் தருவார்கள்.

ஆறரைக்கு மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தில் ஏறினோம். 2014இல் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் பாதை என்கிற மிதவைப் படகில்தான் வாவியைக் கடக்க வேண்டும். சின்ன வயதில் அந்தப் பாதையில் ஆடுமாடு, சைக்கிள், கல்யாண வீட்டுப் பலகாரப் பெட்டி எல்லாவற்றோடும் நின்று போயிருக்கிறேன். பாலத்துக்குக் கிழக்கே சூரியன் எழுகிற எழுவான்கரை, மேற்கே படுகிற படுவான்கரை. இன்றைக்கு எழவும் இல்லை, படவும் இல்லை. நாள் முழுக்க ஒரே சாம்பல் வானம்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் மகனுக்குப் பதினைந்து வயது. போன வாரம் போன் எடுத்தான். "மச்சான், குளத்தடி மருதமரப் பொந்துக்குள்ள காட்டுத்தாரா அடையிருக்கு. நத்தாருக்கு ஒரு கிழமை முந்தியே இருந்திட்டு." தாரா என்றால் வாத்து. இந்தத் தாராவின் அடைகாலம் 22 முதல் 24 நாள். கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமையிலிருந்து விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன், பொங்கலுக்கு முன்னே குஞ்சு பொரிக்க வேண்டும். பொரித்த மறுநாளே குஞ்சுகள் பொந்திலிருந்து குதிக்கும். பத்து வருடமாகப் பைனாகுலரும் கையுமாகத் திரிகிறேன், அந்தக் குதிப்பை ஒருமுறையும் கண்டதில்லை. அலுவலகத்தில் லீவு கேட்டபோது காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு இமயமலை தாண்டி வரித்தலை வாத்துகள் வரும். எங்கள் குளங்களுக்கு அந்த மாதிரிப் பெரிய வாத்து வருவது அபூர்வத்திலும் அபூர்வம். இங்கே ஆண்டு முழுக்க அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று குள்ளத்தாரா. ஆங்கிலக்காரர் பெயரில் அதைப் பெருவாத்து ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் உருவத்தில் ஒரு புறாவை விடக் கொஞ்சம் குறைவு. மற்றது நான் தேடிவந்த சீழ்க்கைச் சிறகி. ஊரில் காட்டுத்தாரா என்கிறார்கள். பகலில் கூட்டமாகத் தூங்கிவழியும், இருட்டியதும் விசில் அடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பும்.

மாமாவுக்கு அதில் ஒரு மரியாதையும் கிடையாது. "விதைச்ச நெல்ல ராவோட ராவா வந்து தின்னுறது இதுதானே மருமகன். இதப் பாக்கவா லீவு போட்டீங்க?"

பின்னேரம் குளத்துக்குப் போனோம். குளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தாரா இறைச்சிக்கு ஆசைப்படுகிறவர்களும் இணையம் வாசிக்கிறார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளே போக வேண்டும், அவ்வளவு போதும். வயல் வரம்பில் இரண்டு முறை வழுக்கினேன். இரண்டாவது முறை பைனாகுலரும் நானும் சேர்ந்து சேற்றுக்குள் போனோம். அரை மணி நேரம் துடைத்தும் இடது கண்ணுக்குள் ஒரு மேகம் நின்றுவிட்டது. ஆறு நாளும் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

மருதமரம் குளக்கட்டின் தெற்கு மூலையில் நிற்கிறது. பாதி பட்டுவிட்டது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மேல்கொப்பு முறிந்ததாம். முறிந்த இடத்தில் உக்கிப்போய் விழுந்த பொந்துதான் தாராவின் வீடு. நிலத்திலிருந்து பதினைந்து அடி இருக்கும். இதை எனக்குச் சொன்னவர் குளத்தில் வலை போடுகிற ஒரு பெரியவர். சூறாவளி அடித்தபோது அவருக்கு இருபது வயது. "மரமெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு கிடந்திச்சு தம்பி, தலை சீவின மாதிரி" என்றார்.

காலை முழுக்க மரத்துக்கு எதிரே, முப்பது யார் தூரம் தள்ளி, பற்றைக்குள் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு ஒரு தாரா வந்து பொந்து விளிம்பில் நின்றது. உள்ளே இருந்தது வெளியே வந்தது. வந்தது உள்ளே போனது. இரண்டும் மாறிமாறி அடைகாக்கின்றன, பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. அம்மா எது, அப்பா எது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் "தாய்த்தாரா" என்ற சொல் வராது.

மச்சான் இன்னொன்றையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, பக்கத்தில் பன் என்கிற பாய்ப்புல் வளர்ந்த இடத்தில், பன்னை மடக்கி வளைத்து இன்னொரு சோடி கூடு கட்டியிருந்தது. எட்டு முட்டை. தந்த நிறம். சேறுபட்ட கால்களோடு ஏறி இறங்கியதில் இரண்டு முட்டையில் பழுப்புக் கோடுகள். கூட்டின் அடிக்கும் தண்ணீருக்கும் இடையில் நான்கு விரல்கூட இல்லை. மேற்கே காட்டுப்பக்கம் விடாமல் பெய்கிறது, அந்தத் தண்ணீரெல்லாம் இங்கேதான் வரும் என்றார் மாமா. துருசுத் தூணில் காலையில் பார்த்த கோடு பின்னேரம் தண்ணீருக்குள் போய்விட்டது.

இங்கேதான் ஒரு வேலை பார்த்தோம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. நானும் மச்சானும் ஒரு கட்டுப் பன் அறுத்து, கூட்டின் அடியில் மெதுவாகத் தள்ளி, அதை ஒரு சாண் உயர்த்தினோம். கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கரையேறிய பிறகு, வலையைத் தோளில் போட்டபடி, "இனி அது வாறது சந்தேகம்" என்றார்.

"முதலே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்க கேக்கல்லயே."

இருட்டும்வரை நின்றோம். சோடி இரண்டு முறை தலைக்கு மேல் சுற்றியது. இறங்கவில்லை.

ஜனவரி 11, சனி

விடிய விடிய மழை. நடுச்சாமம் தாண்டி யானைவெடி கேட்டது. மூன்று, பிறகு இரண்டு. படுவான்கரையில் இது புதினமில்லை. நெல் கதிர் தள்ளும் நேரத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும், வாடியில் காவல் இருப்பவர்கள் வெடி கொளுத்துவார்கள். மாமா எழும்பி, டோர்ச் அடித்துப் பார்த்து, "நம்மட பக்கம் இல்ல" என்று மறுபடி படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது. வெடிச் சத்தத்துக்குப் பொந்துத் தாரா எழும்பி ஓடியிருக்குமோ? ஒரு மனிதனின் ஒருபோக வேளாண்மை அங்கே யானைக்காலில் கிடக்கிறது, நான் இங்கே தாராவை நினைத்துப் புரளுகிறேன் என்பதும் அந்நேரமே உறைத்தது. ஆனாலும் புரண்டேன்.

காலையில் மாமி குரக்கன் புட்டும் கூனிச் சம்பலும் வைத்தார். கூனியை வறுத்து, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து இடித்து, தேசிக்காய் பிழிந்தது. பிறகு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மாமி கவிழ்த்தே காட்டினார். விழவில்லை. நான் பயந்துபோய்க் கையை ஏந்தியதைப் பார்த்து வீடே சிரித்தது.

மழை பதினொரு மணிக்குக் கொஞ்சம் விட்டது. குடைக்குப் பதிலாக உரப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம். துருசடியில் பன்னின் நுனிகள் மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. நாங்கள் தள்ளிய கட்டு கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. மூன்று முட்டை ஆற்றுவாழைக்குள், அதாவது ஆகாயத்தாமரைக்குள், சிக்கியிருந்தது. ஒரு காகம் ஆற்றுவாழை மேல் நின்று, வெகு நிதானமாக, ஒன்றைத் துளைபோட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. அலகைத் துடைத்தது. அடுத்ததுக்கு நகர்ந்தது.

எங்கள் கைபட்டதால் சோடி விட்டுப்போனதா, தண்ணீர் எப்படியும் கொண்டுபோயிருக்குமா? மச்சான் அன்றைக்கு மூன்று தரம் கேட்டான். ஒரு சாண் உயர்த்தினோம், தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது என்று மூன்று தரமும் அதே பதிலைச் சொன்னேன். கணக்கு சரிதான். ஆனால் கூட்டில் தாரா இல்லாத அந்த இரவு நான் செய்தது.

ஜனவரி 12, ஞாயிறு

மழை இல்லை! ஐந்தரைக்கே பற்றைக்குள் போய்விட்டோம். நுளம்பு காதுக்குள் பாடியது. ஆறு மணி தாண்டி ஒரு பத்து நிமிடம் இருக்கும், பொந்தின் கீழே, தண்ணீர் விளிம்பில் ஒரு தாரா வந்து நின்றது. மெல்லிய விசில். நிறுத்தி, மறுபடி மெல்லிய விசில். பொந்து விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பஞ்சுத்தலை தெரிந்தது.

அது யோசிக்கவில்லை. கால் இரண்டையும் விரித்து, இறகே முளைக்காத குட்டைக் கைகளை அகட்டி, அப்படியே வெளியே விழுந்தது. ஈரப் புல்லில் பொத்தென்று ஒரு சத்தம். பந்துபோல ஒருமுறை எழும்பியது. உடம்பை உதறிவிட்டு விசில் வந்த பக்கம் நடந்தது. மச்சான் என் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாக விழுந்தன, ஒன்றின் மேல் ஒன்று. எடை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை, அதனால்தான் பதினைந்து அடி அதை ஒன்றும் செய்யவில்லை. புல்லும் மழையில் நனைந்து மெத்தைபோல இருந்தது. ஆறாவது விளிம்பில் நின்று திரும்பி உள்ளே போய்விட்டது. எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் குதித்த பிறகு அதுவும் வந்து, எல்லாரையும்விடத் தூரமாகப் பாய்ந்தது.

பதினொன்று விழுந்தன. பத்து நடந்தன.

கடைசிக் குஞ்சு மரத்தின் வேரில் பட்டது. மருதமர வேர் எப்படிப் புடைத்திருக்கும் என்று தெரியுமல்லவா, அதன் முதுகில். எழும்பப் பார்த்தது, ஒரு கால் வரவில்லை. தாரா இரண்டும் பத்தையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கின. கரையிலிருந்து ஒரு மெல்லிய கீச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அவற்றுக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மற்றப் பத்தும் கரையில் நிற்க வேண்டியிருக்கும்.

மச்சான் எழும்பினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை பன் கட்டு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவன் பேசாமல் உட்கார்ந்தான். கால்மணி நேரத்தில் கட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கபறக்கொய்யா என்கிற நீருடும்பு ஒன்று வந்தது. வால் சேர்த்து ஐந்தடி. அவசரமே இல்லை. நீல நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சப்புக்கொட்டியபடி நேரே வேரடிக்கு வந்து, தலையை ஒருமுறை உயர்த்தி விழுங்கியது. கீச்சு நின்றது. பிறகு அது மரத்தைச் சுற்றி, குஞ்சுகள் விழுந்த ஒவ்வொரு இடத்தையும் மணந்து பார்த்தது. நாங்கள் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த பற்றைவரை வந்தது. எங்களைக் கண்டு ஒரு கணம் நின்றது. கண்டும் காணாததுபோல் போனது.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னோம். "ஐயோ பாவம்" என்றார். உடனே, "அப்ப கோழிக் கூட்டுக் கதவு பூட்டிக்கிடக்கா எண்டு பாத்திட்டு வாங்க" என்றார்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் ஒற்றைக்கண் பைனாகுலரால் எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழேதான். மற்ற மூன்றும் இரவில் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை.

பெரியவரின் தோணியில் இடம் கேட்டோம். காசு வேண்டாம் என்றவர், பிறகு, "வெத்திலைக்குத் தாங்க" என்றார். 200 கொடுத்தேன். ஆற்றுவாழைக்கும் திறந்த நீருக்கும் நடுவே குடும்பம் மேய்ந்தது. முன்னால் ஒரு தாரா, பின்னால் ஒன்று, நடுவே ஏழு கறுப்புப் புள்ளி. ஒரு குஞ்சு பூச்சியைத் துரத்திக்கொண்டு வரிசையைவிட்டு ஒரு முழம் விலகியது. அதன் கீழே தண்ணீர் ஒரு கிண்ணம்போல உப்பியது. ஒரு "களுக்". வளையங்கள் விரிந்தன. அவ்வளவுதான், இறகுகூட மிஞ்சவில்லை. முன்னால் போன தாரா கொஞ்சம் வேகமாக நீந்தியது.

"விரால்" என்றார் பெரியவர், துடுப்பை நிறுத்தாமல். "செம்பார்ப்போட நிக்குது. அதிர குஞ்சுக்குக் கிட்ட எது வந்தாலும் விடாது." கையை நீட்டிக் காட்டினார். கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்கடியில் செம்மஞ்சளாக ஒரு மேகம் கொதித்துக்கொண்டிருந்தது, ஆயிரம் விரால் குஞ்சுகள் இருக்கும். அதற்குக் காவல் நின்றது அந்த வாய். இதற்கு மேல் அந்த மீன்மீது எனக்குக் கோபப்பட முடியவில்லை.

பத்து மணிக்குச் செம்பருந்து வந்தது. இரண்டு தாராவும் கத்திக்கொண்டு குஞ்சுகளைப் பன்னுக்குள் தள்ளின. பருந்து இரண்டு தரம் தாழ்ந்து, வெறுங்காலோடு போனது. மச்சான் கைதட்டினான். அதற்கும் எங்கேயாவது ஒரு கூடு இருக்கலாம் என்றேன். "மச்சான், நீங்க ஒரு பக்கமும் இல்லாம ஒரு மனிசனா?" என்று முறைத்தான்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக்கடை பூட்டு. மறுநாள் பொங்கல், வீட்டில் மரக்கறி. ஆகவே இன்றைக்கு மீன் வேண்டும் என்று மாமா பெரியவரிடம் சொல்லிவைத்திருந்தார். மத்தியானம் அவர் பன் நாரில் கோத்துக் கொண்டுவந்தது இரண்டு விரால். மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. மாமி சாம்பல் போட்டு வழுவழுப்பைத் தேய்த்து, மண்சட்டியில் புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கொதிக்கவைத்தார். வெந்தயம் பொரிகிற மணம் முற்றம்வரை வந்தது. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தரம் மாமி கேட்காமலே போட்டார். அதையும் சாப்பிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். முற்றத்தில் கோலம் போட்ட அரை மணியில் தூறல் வந்து கரைத்துவிட்டது. பானைக்கு மேல் மாமா குடை பிடிக்க, மாமி அடுப்பை ஊத, பால் ஒருவழியாகக் கிழக்குப் பக்கம் பொங்கியது. எல்லாரும் வெடி கொளுத்தினார்கள். யானைக்கு வாங்கி வைத்த வெடியில் ஒன்றையும் சேர்த்துக் கொளுத்தலாம் என்று மச்சான் சொன்னதற்கு மாமாவிடம் நல்ல ஏச்சு வாங்கினான்.

சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் மடித்துக்கொண்டு குளத்துக்குப் போனோம். குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் வழிகிற வான் பாயத் தொடங்கியிருந்தது. சத்தத்தில் பேசினால் கேட்காது. நெடுநேரம் தேடினோம். கடைசியில் வடக்கு மூலையில் கண்டோம். ஐந்து. குஞ்சுகள் ஒரு தாராவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்கின. மற்றது கழுத்தை நீட்டிக் காவல் நின்றது. பதினொரு முட்டை ஏன் போடுகிறது என்று முந்தாநாள் மச்சான் கேட்டிருந்தான். இப்போது திரும்பக் கேட்கவில்லை.

பெரியவருக்கும் பொங்கல் கொடுத்தோம். தோணியில் இருந்தபடியே சாப்பிட்டார். கையைக் குளத்தில் கழுவிவிட்டு, எங்கள் கணக்கைக் கேட்டார். ஐந்து என்றேன். "அஞ்சு நல்ல கணக்கு" என்றார். "போன வருசம் இந்தப் பொந்தில இருந்து இறங்கினது ஒண்டும் மிஞ்சல்ல."

இரவு பஸ்ஸுக்கு மாமி ஒரு சட்டித் தயிர் கட்டித் தந்தார். கடையில் 600 ரூபாய்ச் சட்டி, இது வீட்டு எருமை. மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டேன். ஓட்டமாவடி தாண்டியதும் எனக்குத் தூக்கம், சாரதிக்கு ஒரு திடீர் பிரேக். சட்டி முன் சீட்டில் மோதி இரண்டாகப் பிளந்தது. கவிழ்த்தாலும் விழாத தயிர், பிளந்தால் நன்றாகவே விழுகிறது. பக்கத்து சீட்டு அம்மா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மிஞ்சியதை வழித்து எடுத்து, பெட்டியோடு என்னிடம் தந்தார். பெட்டியை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டேன். "அது பழசு மகன், வச்சிருங்க."

ஜனவரி 22, வெள்ளவத்தை

இதைப் பதிவேற்ற உட்காரும்போது மச்சானின் குரல் செய்தி வந்தது. பின்னணியில் வான் இரைச்சல் இன்னும் கேட்கிறது.

"மச்சான், இண்டைக்குப் பாத்தன். மூணு குஞ்சோட ஒரு சோடி நிக்குது. ஆனா வேற ரெண்டு சோடியும் குஞ்சோட இறங்கியிருக்கு, எல்லாம் ஒரே மாதிரி. இது நம்மட மூணா எண்டு சத்தியமாத் தெரியா. அம்மா கேக்கிறா, தயிர்ச் சட்டி ஒழுங்காப் போய்ச் சேந்திச்சா எண்டு. என்ன சொல்ல?"